பொற்றாசியத்தின் 19ஆவது இலத்திரன் எங்கே?

பொற்றாசியத்தின் (அணுவெண் 19) இலத்திரன் நிலையமைப்பை 2, 8, 9 என எழுதிப் புள்ளிகளை இழந்துவிடாதீர்கள். சரியான விடை 2, 8, 8, 1 ஆகும்.

மூன்றாம் சக்தி மட்டத்தின் முதன்மைச் சக்திச் சொட்டெண் 3. ஆகவே அது 2 × 3² = 18 இலத்திரன்களைக் கொள்ளக்கூடியது. அப்படியாயின் 9 ஏன் தவறு?

அம்மட்டத்தில் எஸ், பி, டி எனும் உபசக்தி மட்டங்கள் உள்ளன. அவற்றில் முறையே 1, 3, 5 ஒபிற்றல்கள் உண்டு. ஓர் ஒபிற்றலில் ஆகக் கூடியது 2 இலத்திரன்களே இருக்கலாம். எஸ்ஸில் 2, பியில் 6 என 8 நிரம்பியதும் எஞ்சுவது டி. பொற்றாசியத்தில் அதைவிட நான்காம் மட்டத்தின் எஸ் ஒபிற்றல் சக்தி குறைந்தது. எனவே 19ஆவது இலத்திரன் அங்கேயே செல்கிறது.

இதனாலேயே பொற்றாசியம் ஆவர்த்தன அட்டவணையில் சோடியத்தின் (2, 8, 1) கீழ், முதலாம் கூட்டத்தில் அமைகிறது.

பயிற்சி: கல்சியத்தின் (அணுவெண் 20) இலத்திரன் நிலையமைப்பை எழுதுக.