தமிழின் துணையால் உருசியம்



உருசிய மொழியைக் கற்கத் தொடங்குவோர் பலர். இரண்டாம் ஆண்டைக் கடப்போர் சிலர். அதன் 33 எழுத்துகளைச் சில நாளில் கற்றுவிடலாம். வணக்கம் கூறவும் வழி கேட்கவும் ஒரு பருவம் போதும். அதன்பின் வருவதே இடர். ஏறி வந்த படிகளும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஏற வேண்டிய படிகளும் தெரிவதில்லை. அந்த நடுப்படியில் நின்று, "விட்டுவிடலாமா?" என்று எண்ணியவன் நான். விடாமல் பற்றியதற்குக் காரணம் நம் தமிழே. அதனைக் கூறவே இக்கட்டுரை.

நான் தங்கியிருப்பது பெங்களூரில், தொம்மலூரில். அங்கே சொக்கநாதசுவாமி என்னும் பெயரோடு பெருமாள் எழுந்தருளிய பழங்கோயில் ஒன்று உண்டு. போசள மன்னர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஒருநாள் மாலை, உருசியப் பாடத்தில் சலிப்புற்று அங்கே சென்றேன். "இதுவாவது என் மொழி" என்று கல்வெட்டைப் படிக்க முயன்றேன். முடியவில்லை! பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. 'கொல' என்று வெட்டியிருந்தால், அது கொல்லா, கோலா, கோலமா என்பதை அடுத்து வரும் எழுத்தையும் பொருளையும் கொண்டே துணிய வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்று புலப்பட்டது. உருசிய நூல்களும் இவ்வாறே அச்சாகின்றன. 'யோ' என்னும் எழுத்தின்மேல் இரண்டு புள்ளிகள் இருத்தல் வேண்டும். அச்சில் அவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடுவர். 'வ்ஸே' என்றால் எல்லாரும். 'வ்ஸ்யோ' என்றால் எல்லாம். அச்சில் இரண்டும் ஒன்றே. அழுத்தக்குறியும் இடுவதில்லை. 'ஸாமக்' என முதலசையை அழுத்தினால் கோட்டை; 'ஸமோக்' என இரண்டாம் அசையை அழுத்தினால் பூட்டு. எழுத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே இடைநிலை மாணவன் எழுத்தைப் படித்தால் போதாது. பொருளை முன்னுணர்ந்து படித்தல் வேண்டும். நம் முன்னோர் கல்லில் அவ்வாறே படித்தனர். நாமும் படிக்கலாம் என்ற துணிவு பிறந்தது.

அன்றுமுதல், ஒவ்வோர் இலக்கணச் சிக்கலையும் தமிழோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பயன் தந்தவற்றுள் மூன்றினைக் கூறுகிறேன்.

முதலாவது, நான்காம் வேற்றுமை. ஆங்கிலத்தில் 'நான் குளிராக இருக்கிறேன்' என்னும் அமைப்பிலே சொல்ல வேண்டும். நாம் 'எனக்குக் குளிர்கிறது' என்கிறோம். உருசியரும் 'ம்ன்யே ஹோலத்ன', அதாவது 'எனக்குக் குளிர்' என்கின்றனர். 'எனக்கு இருபது வயது' என்பதும் அவ்வாறே. 'நான் மாணவன்' என்பதில் நமக்கு வேறு வினை வேண்டுவதில்லை, அவர்களுக்கும் வேண்டுவதில்லை. ஆங்கிலத்தின் வழியாக உருசியத்தை எண்ணிக்கொண்டு நான் ஓராண்டு வீணே உழைத்தேன்!

இரண்டாவது, உயிருள்ளதும் உயிரற்றதும். நாம் 'வீடு பார்த்தேன்' என்று ஐ உருபு இன்றியும் கூறலாம். 'மாணவன் பார்த்தேன்' என்று கூறுவோமா? 'மாணவனை' என்றே கூறுவோம். உருசியத்திலும் ஆண்பாற் பெயர் செயப்படுபொருளாகும்போது, 'ஸ்தோல்' என்னும் மேசை மாறுவதில்லை. 'ஸ்துதென்த்' என்னும் மாணவன் 'ஸ்துதென்தா' என மாறுகிறான். ஆயினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. நம் திணை விலங்கை அஃறிணையில் சேர்க்கும். உருசியம் விலங்கையும் மனிதரோடு உயிருள்ளவற்றுள் சேர்க்கும்.

மூன்றாவதே பலரையும் வீழ்த்துவது: வினையின் முற்றுநிலையும் முற்றாநிலையும். ஒருநாள் ஆசிரியர், "நூலைப் படித்தீர்களா?" என்றார். "யா சித்தால்" என்றேன், பெருமையுடன். அவர் சிரித்து, "படித்தீர்கள், சரி, முடித்தீர்களா?" என்றார். 'சித்தால்' என்பது 'படித்தேன்' என்னும் அளவே. 'ப்ரச்சித்தால்' என்றால்தான் 'படித்துவிட்டேன்'. இன்னும் ஒரு வியப்பு. முற்றுநிலை வினையை நிகழ்கால வடிவில் வைத்தால் அது எதிர்காலத்தைக் குறிக்கும். இதனைக் கேட்டு வகுப்பே மலைத்தது. நமக்கு ஏன் மலைப்பு? 'நாளைக்குப் படித்துவிடுகிறேன்' என்று அம்மாவிடம் நாள்தோறும் சொல்லவில்லையா! அங்கே வடிவம் நிகழ்காலம், பொருள் எதிர்காலம்.

ஆனால் ஒப்புமையை அளவு மீறி நம்பலாகாது. 'அவன் நாள்தோறும் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவான்' என்கிறோம். வழக்கத்தைக் குறிப்பதால் இங்கே உருசியர் முற்றாநிலையையே ஆள்வர். 'விடு' வந்த இடமெல்லாம் முற்றுநிலை என்று எழுதித் தேர்வில் மதிப்பெண் இழந்தவன் நான். நீங்கள் இழக்க வேண்டா.

மொழியோடு வாழ்வும் விளங்குகிறது. 'நீ', 'நீங்கள்' என்னும் வேறுபாடு அங்கும் உண்டு. 'இவான் பெத்ரோவிச்' என்றால் பியோத்தரின் மகன் இவான். நாம் தந்தை பெயரை முதலெழுத்தாக முன்னே வைக்கிறோம். அவர்கள் முழுமையாகப் பின்னே வைக்கின்றனர். ஆசிரியரை அவ்விரு பெயராலும் அழைப்பதே அங்கு மரியாதை.

"இதனால் என்ன பயன்?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். என் விடை இது. 15ஆம் நூற்றாண்டிலேயே த்வேர் நகரத்து வணிகர் அபனாசி நிகித்தின், இன்று கருநாடகத்தில் உள்ள பீதர் வரை வந்து, கண்டதை எழுதிவைத்தார். டால்ஸ்டாய் 1908இல் இந்தியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குறளை எடுத்தாண்டார். பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–உருசிய அகராதி 1960இல் வெளிவந்தது. மாஸ்கோவில் பல்லாண்டு தமிழ் கற்பித்த அலெக்சாந்தர் துபியான்ஸ்கி, 2020இல் மறையும்வரை தமிழுக்கே உழைத்தார். அவர்கள் நம் மொழியை நேரே கற்றனர். நாமோ?

கார்க்கியின் 'தாய்' ரகுநாதனின் தமிழில் நம் வீடுகளுக்கு வந்தது. மாஸ்கோவிலிருந்தும் தமிழ் நூல்கள் குறைந்த விலையில் வந்தன. 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்தபின் அவ்வரவு நின்றது. நாம் படித்த உருசிய நூல்களுள் பல, ஆங்கிலத்தின் வழியாகத் தமிழானவை. அவை செய்த தொண்டு பெரிது. எனினும் 'எனக்குக் குளிர்' என்று உருசியர் சொன்னதை ஆங்கிலத்தில் மாற்றி, மீண்டும் 'எனக்குக் குளிர்' என்று தமிழாக்குவது சுற்றுவழி அன்றோ? நேர்வழி திறந்தே இருக்கிறது. அதில் நடக்க ஆள் வேண்டும்.

நடுப்படியில் நிற்கும் தோழரே, இறங்கிவிடாதீர்கள். கையிலே தமிழ் என்னும் ஊன்றுகோல் இருக்கிறது. அடுத்த படியில் கால் வையுங்கள்.