அளக்கும் முன் ஊகிக்கச் சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு, பெரியப்பா எழுதுவது.

பையனுக்கு வீட்டில் என்ன சொல்லிக் கொடுப்பது, ஏதாவது வாங்கிப் போடலாமா என்று கேட்டிருந்தாய். ஒன்றும் வாங்காதே. கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, வந்ததும் உலை வைக்கிற உனக்கு வாரநாளில் அரைமணி மிஞ்சினால் பெரிது. அதில் நீ டீச்சர் வேலை பார்க்க வேண்டாம். அவனோடு சேர்ந்து ஏதாவது ஒன்றை அளந்து பார், வெட்டிப் பார். ஒரே ஒரு நிபந்தனை: அளப்பதற்கு முன்னால் அவன் ஒரு ஊகம் சொல்லிவிட வேண்டும். தப்பாகச் சொன்னால் சிரிக்காதே, திருத்தாதே. ஸ்கேலே திருத்தட்டும்.

நான் ஷூவுக்குத் தோல் வெட்டும் கட்டிங்கில் காலம் தள்ளியவன். எனக்குத் தெரிந்ததிலிருந்தே சொல்கிறேன். நாளெல்லாம் நீ 38, 40 என்று நம்பர் போட்ட அப்பரை, ஷூவின் மேல்பாகத்தை, தைக்கிறாய். அந்த நம்பர் எங்கிருந்து வருகிறது என்று பையனுக்குத் தெரியுமா? ஐரோப்பியக் கணக்கில் ஒரு சைஸ் என்பது முக்கால் சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மூன்று சைஸ் சேர்ந்தால் சரியாக இரண்டு சென்டிமீட்டர். பழைய பேப்பரை விரித்து, வீட்டில் எல்லார் பாதத்தையும் பென்சிலால் வரையச் சொல். விரல் அசைய முன்னால் ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள அட்டைத் துண்டுகளைக் குதிகாலிலிருந்து வரிசையாக அடுக்கட்டும். பத்துத் துண்டு என்றால் முப்பதாம் நம்பர். மூன்றாம் வாய்ப்பாடு தானாக வந்துவிடும். அப்பா செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து, கணக்கு ஒத்துப்போகிறதா என்று அவனே தேடட்டும். அதில் 8, 9 என்று இருந்தால் அது இங்கிலீஷ் கணக்கு. அங்கே ஒரு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் குழந்தைகள் சைஸ் 13-க்கு அப்புறம் 14 கிடையாது, பெரியவர்களுடைய 1 வந்துவிடும். ஏன் என்று அவன் கேட்பான். உடனே சொல்லிவிடாதே, இரண்டு நாள் மண்டையைக் குடையட்டும்.

இன்னொன்று. ஒரு முழுப் பேப்பரில் ஆட்டுத்தோல் மாதிரி கோணல்மாணலாக ஒரு உருவம் வரைந்து, நடுவில் இரண்டு ஓட்டை போட்டுக் கொடு. ஷூவின் முன்பக்கத்து வாம்ப், பின்பக்கத்துக் குவார்ட்டர், நாக்கான டங் மூன்றையும் பழைய நோட்டு அட்டையில் சின்னதாக வெட்டித் தா. அந்தத் தோலில் எத்தனை ஜோடி தேறும்? முதலில் ஊகம், பிறகு அட்டையை வைத்து வரைவது. திருப்பிப் போட்டு, தலைகீழாக நுழைத்து ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துவிட்டால் அவன் முகத்தைப் பார். வாம்பை முதுகுப் பக்கத்தில்தான் வைக்க வேண்டும், வயிற்றுப் பக்கத் தோல் தளர்ந்து இழுபடும் என்று சட்டம் போட்டால் ஆட்டம் சூடுபிடிக்கும். தொழிலில் ஊறினவர்களுக்கே மூச்சு முட்டுகிற கணக்கு இது.

அடுத்தது மை. நாட்டுமருந்துக் கடையில் கொஞ்சம் கடுக்காய் வாங்கி, இடித்து, இரவெல்லாம் ஊறப்போடு. இன்னொரு டம்ளரில் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் போட்டு வை. மறுநாள் இரண்டையும் கலந்தால் கன்னங்கரேல் என்று மை! எந்த நிறம் வரும் என்று முன்னாலேயே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல். இந்தக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும்தான் ஒரு காலத்தில் நம் பக்கத்துத் தோலையெல்லாம் பதப்படுத்தின. வாரக்கணக்கில் ஆகிற அந்த வேலையைக் குரோம் உப்பு சட்டென்று முடித்துக் கொடுத்தது. அதன் கழிவுதான் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. ஆறு ஏன் இப்படி ஆயிற்று என்று பையன் கேட்டால் மழுப்பாதே. நம் ஊர்க்காரர்களின் வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் வழக்குப் போட, 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசு செய்தவனே ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதையும் சேர்த்துச் சொல். நமக்குச் சோறு போட்டதும் அந்தத் தோல்தான் என்பதையும் விட்டுவிடாதே. எட்டு வயசுக்கு இதெல்லாம் புரியும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் நாத்தனார் வீட்டுக்கு அப்பர் மூட்டை வருகிறதே, ஜோடிக்கு இவ்வளவு என்று உட்கார்ந்து ஊசியால் தைக்கிறாளே, அந்த ஊசியைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று 2016-இல் திருத்திய சட்டம் இடம் கொடுக்கிறதுதான். அது கொடுக்கட்டும், நீ கொடுக்காதே. மூட்டையில் எத்தனை ஜோடி, கூலி மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கட்டும். அதோடு எழுந்துவிட வேண்டும். தோல் ஒட்டுகிற சொல்யூஷன் டப்பா இருக்கிற பக்கமே வேண்டாம். ஒட்டுவதற்குச் சோற்றுப் பசை போதும்.

கடுக்காய் மையை வாசலில் வைத்துச் செய்யுங்கள். யூனிபாரத்தில் பட்டால் எந்தச் சோப்புக்கும் போகாது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா