எத்தனை மீன் தின்றது, எத்தனை மீன் குறைந்தது?

ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் வேண்டாம். ஒரு பெண் சினூக் சால்மன் 4,000 முட்டை இடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீன்களின் எண்ணிக்கை கூடாமல் குறையாமல் அப்படியே இருக்கணும்னா, 4,000-ல் எத்தனை பிழைத்து முட்டையிடத் திரும்பி வரணும்? ரெண்டே ரெண்டு. ஒரு ஆண், ஒரு பெண். மீதி 3,998 எப்படியும் சாகத்தான் போகின்றன. வெள்ளம், பட்டினி, நோய், பெரிய மீன், பறவை என்று காரணம் மட்டும்தான் மாறும்.

அதனால் “பறவைகள் இத்தனை லட்சம் சால்மன் குஞ்சுகளைத் தின்றுவிட்டன” என்று எங்கேயாவது படித்தால் உடனே பதறாதீங்க. அந்தப் பறவை தின்னாமல் விட்டிருந்தால் அதில் எத்தனை திரும்பி வந்திருக்கும் என்று கேளுங்கள். எப்படியும் சாகப்போகிற மீனைத் தின்றால் மொத்தக் கணக்கு மாறாது. பிழைத்திருக்கக்கூடிய மீனைத் தின்றால் மாறும். சொல்ல ஈஸியா இருக்கு, அளக்கிறதுதான் கஷ்டம். அதை அளக்க ரொம்பப் பாடுபட்ட இடம் அமெரிக்காவின் வடமேற்கில் ஓடும் கொலம்பியா ஆறு.

சால்மன் ஆற்றில் பிறந்து, விரல் நீளம் வளர்ந்ததும் கடலுக்குப் போகும். இந்தப் பருவத்துக்கு ஸ்மோல்ட் என்று பெயர். கடலில் சில வருடங்கள் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிடும். கொலம்பியாவின் முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ரைஸ் தீவு இருக்கிறது. இயற்கையான தீவு இல்லை. கப்பல் போகும் வழியை ஆழப்படுத்த ராணுவப் பொறியாளர்கள் தோண்டிய மணலைக் கொட்டிக் கொட்டியே உருவானது. செடி இல்லாத வெறும் மணல் என்றால் காஸ்பியன் ஆலா என்ற பறவைக்கு ரொம்பப் பிடிக்கும். 1980-களில் வர ஆரம்பித்தவை, 1990-களின் கடைசியில் 8,000 ஜோடிகளைத் தாண்டி, உலகத்திலேயே பெரிய காஸ்பியன் ஆலாக் கூட்டமாகிவிட்டன. 1998-ல் மட்டும் இவை தின்ற ஸ்மோல்ட்கள் சுமார் 1.24 கோடி என்று மதிப்பிட்டார்கள்.

எப்படி எண்ணினாங்க? ஒரு வழி, பறவை அலகில் கொண்டுவரும் மீனைப் பார்த்துக் கணக்கெடுப்பது. இன்னொரு வழி ஈசிஇ நண்பர்களுக்குப் பிடிக்கும். வருடா வருடம் லட்சக்கணக்கான ஸ்மோல்ட்களின் உடம்புக்குள் அரிசி மணி சைஸில் ஒரு டேக் வைக்கிறார்கள். நம்ம ஆர்.எஃப்.ஐ.டி. கார்டு மாதிரிதான். பேட்டரி கிடையாது, ரீடர் பக்கத்தில் வந்தால் மட்டும் தன் நம்பரைச் சொல்லும். பறவை மீனைத் தின்றால் டேக் எச்சத்தோடு தீவிலேயே விழும். சீசன் முடிந்து பறவைகள் போனதும் ஆட்கள் போய் மணல் முழுக்க ஆன்டெனாவை நகர்த்தி ஸ்கேன் செய்கிறார்கள். எந்த அணைக்கு மேலே, எந்தத் தேதியில் விட்ட மீன் யார் வயிற்றில் போனது என்பதுவரை தெரிந்துவிடும். பறந்துகொண்டே ஆற்றில் போட்ட எச்சத்தை எண்ண முடியாது என்பதால், அதற்குத் தனியாகத் திருத்தம் போடணும்.

1.24 கோடி என்றால் எவ்வளவு பெரிய இழப்பு? 100 ஸ்மோல்ட் கடலுக்குப் போனால் ஒன்று திரும்பி வரும் என்று வைத்தால், 1,24,000 பெரிய மீன். ஆனால் இது உச்ச வரம்பு மட்டுமே. டேக் ஆராய்ச்சிகளில் இன்னொன்றும் தெரிந்தது: பறவைகளிடம் அதிகம் மாட்டுவது உடம்பு சரியில்லாத, அடிபட்ட மீன்கள். அதில் பலது கடலில் எப்படியும் செத்திருக்கும். உண்மையான இழப்பு பூஜ்யத்துக்கும் இந்த உச்சத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது.

ஆலாக்களை என்ன செய்தார்கள் என்பது எனக்குப் பிடித்த பகுதி. கொல்லவில்லை. கடலுக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும் ஈஸ்ட் சாண்ட் தீவில் வெறும் மணலைத் தயார் செய்து, பொம்மை ஆலாக்களை நிறுத்தி, ஸ்பீக்கரில் ஆலாச் சத்தம் போட்டார்கள். 1999-ல் ஆரம்பித்து 2001-க்குள் மொத்தக் கூட்டமும் இடம் மாறிவிட்டது. அங்கே நெத்திலி, ஹெர்ரிங் மாதிரி கடல் மீன்கள் தாராளம். ரைஸ் தீவில் பறவைகளின் சாப்பாட்டில் முக்கால் பங்கு சால்மன் இனம்தான். 2001-ல் புது இடத்தில் அது மூன்றில் ஒரு பங்கானது.

அதே ஈஸ்ட் சாண்ட் தீவில் நீர்க்காகங்களின் பெரிய கூட்டமும் இருந்தது. இவற்றை 2015 முதல் சுட்டுக் குறைத்தார்கள். 5,000-க்கு மேல் கொன்றார்கள். 2016-ல் மிச்சம் இருந்தவை கூட்டத்தோடு தீவைக் காலி செய்தன. அதில் நிறைய ஆற்றின் மேல்பக்கம் இருக்கும் அஸ்டோரியா பாலத்தில் கூடு கட்டின. கடல் மீன் குறைவான இடம் அது. அங்கே ஒரு நீர்க்காகம் தின்னும் சால்மன் முன்பைவிட அதிகம். ஆலாக்களை எந்த லாஜிக்கில் கடல் பக்கம் கொண்டுபோனார்களோ, அதே லாஜிக் இங்கே தலைகீழாக வேலை செய்தது.

இதுவரை குஞ்சுகளின் கதை. பெரிய மீனைத் தின்னும்போது கணக்கே வேறு. கடலையும் தாண்டி முட்டையிட வந்துவிட்ட மீன், 4,000-ல் பிழைத்த அந்த இரண்டில் ஒன்று. அதைத் தின்றால் ஈடு கட்ட ஆளில்லை.

ஒரு ரயில்வே ஸ்டேஷனில் ஒரே ஒரு டிக்கெட் பரிசோதகர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவரால் பத்து நிமிடத்தில் இருபது பேரைத்தான் நிறுத்த முடியும். 2,000 பேர் இறங்கினால் மாட்டுவது 1%. வெறும் 30 பேர் இறங்கினால்? மூன்றில் இரண்டு பங்கு. வேட்டையாடிக்கும் வயிறு அவ்வளவுதான். சால்மன் குஞ்சுகள் சேர்ந்து ஒரே ராத்திரியில் கூட்டமாகக் கீழே போவதும் இந்த லாபத்துக்காகத்தான். ஆனால் மீன் ஏற்கெனவே குறைந்துபோன ஆற்றில் இதே கணக்கு எமனாகிறது. மீன் குறையக் குறைய, தின்னப்படும் சதவீதம் ஏறுகிறது. கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படித்தவர்களுக்கு இது பாசிட்டிவ் ஃபீட்பேக்.

சியாட்டிலில் பல்லார்ட் லாக்ஸ் என்ற இடத்தில் இது நடந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் படகுகளை ஏற்றி இறக்கும் மடை. ஸ்டீல்ஹெட் என்ற சால்மன் உறவு மீன் அங்கே ஒரு குறுகிய மீன் ஏணி வழியாகத்தான் ஏரிக்குப் போகணும். 1980-களில் கலிஃபோர்னியா கடற்சிங்கங்கள் ஏணி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டன. ஊர்க்காரர்கள் ஹெர்ஷல் என்று பெயர்கூட வைத்தார்கள். பட்டாசு வெடித்தார்கள், பிடித்துக் கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் விட்டார்கள். நீந்தித் திரும்பி வந்தன. ஃபைபர்கிளாஸில் ஓர்கா பொம்மைகூட மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் 2,000-க்கு மேல் வந்த ஸ்டீல்ஹெட், 1994-ல் 70. 1996-ல் மூன்று கடற்சிங்கங்களைப் பிடித்து ஃப்ளோரிடாவுக்கு அனுப்பினார்கள். ஸ்டீல்ஹெட் அதற்குப் பிறகும் மீளவில்லை.

கொலம்பியாவின் கிளையான வில்லமெட் ஆற்றின் அருவியில் 2017-ல் அதே காட்சி. குளிர்காலத்தில் வந்த ஸ்டீல்ஹெட் ஆயிரத்துக்கும் குறைவு. அதில் கிட்டத்தட்ட கால் பங்கைச் சில டஜன் கடற்சிங்கங்களே தின்றன. இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஸ்டீல்ஹெட் மட்டும்தான் சாப்பாடு என்றால், அது குறைந்ததும் கடற்சிங்கம் வேறு இடம் பார்த்துப் போயிருக்கும். ஆனால் அதே ஆற்றில் பண்ணையில் வளர்த்து விடப்படும் சினூக்கும் வருகிறது. அதற்காக அது காத்திருக்கும்; நடுவில் வரும் காட்டு ஸ்டீல்ஹெட்டும் மாட்டும்.

கடற்சிங்கம் 1972-ம் வருடச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டு, இரண்டரை லட்சத்துக்கு மேல் பெருகிய விலங்கு. அருவிவரை வருபவை எல்லாம் ஆண்கள். பெண்கள் தெற்கே இனப்பெருக்கத் தீவுகள் பக்கமே இருந்துவிடும். அதனால் சில டஜனைக் கொன்றால் அந்த இனத்துக்கு ஒன்றும் ஆகாது. 2018 நவம்பரில் ஒரிகன் மாநிலத்துக்கு அனுமதி கிடைத்து, அந்தக் குளிர்காலத்திலேயே 30-க்கு மேற்பட்டவற்றைப் பிடித்துக் கொன்றார்கள். வேட்டை உடனே குறைந்தது.

எனக்கு இது சரி என்றுதான் படுகிறது. ஆனால் மீன் அந்த நிலைக்கு வந்ததற்குக் கடற்சிங்கம் காரணமில்லை. ஒரு காலத்தில் கொலம்பியாவுக்கு வருடம் 1 கோடிக்கு மேல் சால்மன் வந்தது என்று மதிப்பிடுகிறார்கள். அப்போதும் கடற்சிங்கம் இருந்தது, நீர்க்காகம் இருந்தது. இல்லாதது அணைகள். மேலே ஸ்நேக் ஆற்றிலிருந்து கிளம்பும் குஞ்சு இன்று எட்டு அணைகளைத் தாண்டணும். தேங்கி வெதுவெதுப்பான தண்ணீரில் குஞ்சு தின்னும் பைக்மின்னோ மீன்கள் கொழிக்கின்றன. அவற்றைப் பிடித்துக் கொடுப்பவர்களுக்கு மீனுக்கு இவ்வளவு என்று 1990-களிலிருந்து காசு தருகிறார்கள். அந்தக் காசு வருவது அதே அணைகளின் மின்சாரத்தை விற்கும் நிறுவனத்திடமிருந்து.