வராத கடிதம் கற்றுத் தந்த பாடம்

கடந்த ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டிக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, கடைசி நாளன்று பள்ளிக் கணினியிலிருந்து மின்னஞ்சல் அனுப்பினாள். மறுநாள் தொலைபேசியில் விசாரித்தபோது, "எதுவும் வரவில்லையே" என்றார்கள். முகவரியைத் தவறாக அடித்திருப்பாள் என்று நினைத்து அவளைக் கடிந்துகொண்டேன். "சரியாத்தான் சார் அடிச்சேன்" என்று தலைகுனிந்து நின்றாள்.

அதன்பிறகுதான் உள்பெட்டியில் இருந்த ஆங்கில அறிவிப்பைக் கவனித்தேன். 'அஞ்சல் தாமதமாகிறது, மீண்டும் முயல்கிறோம்' என்பது அதன் பொருள். பெறுபவரின் அஞ்சல் சேவையகம் பழுதாகி இருந்திருக்கிறது. அன்று மாலையே அஞ்சல் போய்ச் சேர்ந்தது. அறிவிப்பில் இருந்த தேதியைக் காட்டியதும் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அவளிடம் வருத்தம் தெரிவித்தேன். அந்த நிகழ்வையே பாடமாக்கினேன்.

செயல்பாடு

கரும்பலகையில் ஒரு களப்பெயரை எழுதி, அதன் கீழே '10 – முதன்மை மேசை, 20 – மாற்று மேசை' என்று குறித்தேன். இதுதான் எம்.எக்ஸ். பதிவு. ஒரு களப்பெயருக்கு வரும் அஞ்சலை எந்தச் சேவையகத்திடம் கொடுக்க வேண்டும் என்பதை இது சொல்கிறது. 1986இல் வெளியான ஆர்.எஃப்.சி. 974 என்ற ஆவணம் இம்முறையை வகுத்தது.

"20தானே சார் பெருசு?" என்றான் ஒருவன். "ரேங்க் மாதிரி நினைத்துக்கொள், சிறிய எண்ணுக்கே முதலிடம்" என்றேன்.

முதல் சுற்றில் முதன்மை மேசை மட்டும். அங்கிருந்த மாணவனை வெளியே அனுப்பினேன். கடிதம் கொண்டுவந்தவள் திரும்பிப் போய், சற்று நேரம் கழித்து மீண்டும் வந்தாள். உண்மையான சேவையகங்களும் இப்படித்தான் செய்கின்றன. குறைந்தது நான்கைந்து நாள்கள் முயல வேண்டும் என்கிறது நெறிமுறை. நான்கில் தொடங்கும் பிழை எண் தற்காலிகத் தடை. ஐந்தில் தொடங்குவது நிரந்தர மறுப்பு.

இரண்டாம் சுற்றில் மாற்று மேசையும் சேர்ந்தது. அது கடிதங்களை வாங்கி வரிசையில் வைத்து, முதன்மை மேசைக்காரன் வந்ததும் ஒப்படைத்தது. அஞ்சலைப் படிக்கும் இடமல்ல அது. காத்து வைக்கும் இடம் மட்டுமே.

எதிர்பாராத திருப்பம்

குறும்புக்காரன் ஒருவன், வகுப்பில் இல்லாத 'லட்டு' என்பவருக்குக் கடிதம் எழுதி, அனுப்புநர் இடத்தில் பக்கத்து மாணவியின் பெயரைப் போட்டான். மாற்று மேசை வாங்கிக்கொண்டது. முதன்மை மேசை, "அப்படி யாரும் இல்லை" என்று மறுத்தது. கடிதம் அந்த மாணவியிடம் திரும்பியது. "நான் எழுதவே இல்லையே!" என்றாள். எரிதம் அனுப்புவோர் காவல் குறைந்த மாற்றுச் சேவையகத்தைத் தேடி வருவதும் இதனால்தான்.

"அப்போ மாற்று மேசைக்கும் பெயர்ப் பட்டியல் கொடுக்கணும் சார்" என்றாள் முன்பு நான் கடிந்துகொண்ட அதே மாணவி. சேவையகத்தை நிர்வகிப்பவர்கள் செய்வதும் அதுவே: முதன்மையிடம் உள்ள முகவரிப் பட்டியலும் எரித வடிகட்டியும் மாற்றுச் சேவையகத்திலும் இருக்க வேண்டும்.

நான்கு மேசைகளும் சில துண்டுத் தாள்களும் போதும். ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். "அனுப்பினேன்" என்று ஒரு குழந்தை சொன்னால், இப்போதெல்லாம் அறிவிப்பு ஏதும் வந்திருக்கிறதா என்று அவளோடு சேர்ந்து முதலில் பார்க்கிறேன்.