பூஸ்ட் கன்வெர்ட்டர் மெதுவாகத் தொடங்குதா? ஐசி-யை மாற்றும் முன் இதைப் பாருங்க

லேபில் ஆர்பிஎஸ்-இல் போட்டால் 5 வோல்ட் உடனே வருகிறது. அதே சர்க்யூட்டுக்கு இரண்டு ஏஏ செல் கொடுத்தால் மல்டிமீட்டர் 2.5, 3.1, 3.8 என்று நத்தை மாதிரி ஏறுகிறது. சில நேரம் 5-ஐத் தொடும், சில நேரம் தொடவே தொடாது. மறுநாள் ரிவ்யூ. இந்த இடத்தில் நம்மில் பலர் எடுக்கும் முடிவு, "ஐசி போயிடுச்சு, புது மாட்யூல் வாங்கிடலாம்" என்பதுதான். பெரும்பாலும் புதுசும் அதையேதான் செய்யும். ஏன்னா கோளாறு ஐசி-யில் இல்லை, அதற்கு முன்னாடி இருக்கும் பேட்டரியில்.

மல்டிமீட்டரை நம்பாதீங்க

மல்டிமீட்டர் ஒரு வினாடிக்குச் சில தடவைதான் அளக்கும். கன்வெர்ட்டர் தொடங்குவது மில்லிவினாடிகளில் முடிகிற வேலை. அதனால் டிஎஸ்ஓ-வை எடுங்க. ஒரு சேனல் அவுட்புட்டில், இன்னொன்று ஐசி-யின் இன்புட் பின்னில். பேட்டரி முனையில் இல்லை, ஐசி பின்னிலேயே வைக்கணும். சிங்கிள் ட்ரிகரில் போட்டு சுவிட்சை ஆன் பண்ணுங்க. பொதுவாக மூன்று வடிவங்களில் ஒன்று தெரியும்.

1. அவுட்புட் வழுவழுன்னு ஒரே சரிவில் ஏறுகிறது, இன்புட் அசையவில்லை. இது சாஃப்ட் ஸ்டார்ட் வேலை. அந்தப் பின்னில் இருக்கும் கெப்பாசிட்டர் பெரிசா இருக்கலாம். 10 மைக்ரோஆம்பியர் சார்ஜ் கரன்ட், 1.2 வோல்ட் ரெஃபரன்ஸ் என்றால் 10 நானோஃபாரடுக்கு 1.2 மில்லிவினாடி, தப்பா 1 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால் 120 மில்லிவினாடி.

2. அவுட்புட் படிக்கட்டு மாதிரி ஏறுகிறது, ஒவ்வொரு படிக்கும் இன்புட் பள்ளத்தில் விழுந்து எழுகிறது. நம்ம பேட்டரி சர்க்யூட்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

3. அவுட்புட் பாதியில் மட்டமாக நிற்கிறது, இன்புட்டும் தாழ்ந்தே கிடக்கிறது. கேட்கும் பவரைப் பேட்டரியால் கொடுக்க முடியவில்லை. இன்புட் மட்டும் நிமிர்ந்து நின்றால், ஐசி-யின் கரன்ட் லிமிட்டைப் பாருங்க.

இரண்டாவது வடிவத்தைக் கவனிங்க. அங்கே கன்வெர்ட்டர் மெதுவாகத் தொடங்கவில்லை. பலமுறை தொடங்கித் தோற்றுப் போகிறது. பேட்டரி வோல்டேஜ் விழுந்ததும் ஐசி-யின் அண்டர்வோல்டேஜ் லாக்அவுட் அதை அணைக்கிறது. கரன்ட் குறைந்ததும் பேட்டரி மீள்கிறது, ஐசி மறுபடி எழுகிறது. லோடு சின்னதா இருந்தால் ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் ஏறி 5-ஐத் தொட்டுவிடும். பெரிசா இருந்தால் அங்கேயே ஊசலாடும்.

ஒரு சின்னக் கணக்கு

சாதாரண ரெசிஸ்டர் லோடுக்கு வோல்டேஜ் குறைந்தால் கரன்டும் குறையும். பூஸ்ட் கன்வெர்ட்டர் இதற்கு நேர்மாறு. அவுட்புட்டில் அதே பவரைக் கொடுக்க, இன்புட் வோல்டேஜ் குறையக் குறைய அதிக கரன்ட் இழுக்கும். அது பேட்டரியை இன்னும் கீழே தள்ளும்.

லோடு 5 வோல்ட், 400 மில்லிஆம்பியர் என்று வைப்போம். அவுட்புட் 2 வாட். எஃபிஷியன்சி 85 சதவீதம் என்றால் இன்புட்டில் 2.35 வாட் வேண்டும். ஐசி 2 வோல்ட்டுக்குக் கீழே அணைந்துவிடும்.

புது செல் இரண்டு: லோடு இல்லாமல் 3.1 வோல்ட். செல், ஹோல்டர் ஸ்பிரிங், வயர் எல்லாம் சேர்த்து 0.5 ஓம். பின்னில் 2 வோல்ட் இருக்கும்போது கரன்ட் 2.2 ஆம்பியர், பவர் 4.4 வாட். போதும்.

பாதி தீர்ந்த செல்: 2.6 வோல்ட், 0.8 ஓம். அதே 2 வோல்ட்டில் 0.75 ஆம்பியர், வெறும் 1.5 வாட். போதாது. எந்த ஐசி வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது.

இனி தொடக்க நேரத்தைப் பாருங்க. அவுட்புட்டில் 470 மைக்ரோஃபாரட் இருக்கு. அது சுமார் 2.3-இலிருந்து 5 வோல்ட்டுக்கு 2 மில்லிவினாடியில் ஏறணும் என்றால் கூடுதலாக 0.63 ஆம்பியர். லோடோடு சேர்த்து கடைசிக் கட்டத்தில் இன்புட்டில் 6 வாட்டுக்கு மேல். புது செல்லே திணறும்! அதே ஏற்றத்தை 20 மில்லிவினாடிக்கு நீட்டினால் 2.7 வாட் போதும். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னாங்க? சாஃப்ட் ஸ்டார்ட்டை நீட்டினால் 5 வோல்ட் சீக்கிரம் வரும்.

எதை முதலில் சோதிப்பது

லோடைக் கழற்றிப் பாருங்க. உடனே 5 வந்தால் ஐசி-யைச் சந்தேகப்பட வேண்டாம். அடுத்து லோடை மாட்டி, பேட்டரிக்குப் பதில் ஆர்பிஎஸ். கரன்ட் லிமிட்டை 2 ஆம்பியருக்கு மேல் வையுங்க, இல்லையென்றால் ஆர்பிஎஸ்-ஏ இதே கோளாறை உண்டாக்கும். உடனே தொடங்கினால், ஆர்பிஎஸ்-ஐ 2.6 வோல்ட்டுக்கு இறக்கி, 0.8 ஓம் பவர் ரெசிஸ்டரை சீரிஸில் போடுங்க. படிக்கட்டு திரும்பி வந்தால் குற்றவாளி கையில் சிக்கியாச்சு.

எப்படிச் சரிசெய்வது

முதலில் காசில்லாத வழி: பிரெட்போர்டையும் நீளமான ஜம்பர் வயரையும் பவர் பாதையிலிருந்து எடுத்துவிடுங்க. அடுத்து ஐசி பின்னுக்குப் பக்கத்தில் 470 முதல் 1000 மைக்ரோஃபாரட், குறைந்த இஎஸ்ஆர் கெப்பாசிட்டர். இது சின்ன பள்ளத்தைத் தாண்ட உதவும்; தொடர்ந்து இழுக்கும் லோடைக் காப்பாற்றாது.

சாஃப்ட் ஸ்டார்ட் பின் இருந்தால் கெப்பாசிட்டரைக் கூட்டுங்க. நம்ம எல்லாரும் வாங்கும் எம்டி3608-இல் அந்தப் பின் கிடையாது. அதனால் லோடைத் தாமதமாக இணைப்பதுதான் வழி: அவுட்புட்டுக்கும் லோடுக்கும் நடுவில் ஒரு பி-சேனல் மாஸ்ஃபெட், 5 வோல்ட் நிலைத்த பிறகே ஆன் ஆகிற மாதிரி. எனேபிள் பின்னை வைத்து லோடை அணைக்கலாம் என்று நினைக்காதீங்க. டயோடு உள்ள பூஸ்டில் ஐசி தூங்கினாலும் இண்டக்டர், டயோடு வழியாக பேட்டரி வோல்டேஜ் லோடுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

இவை எல்லாம் தொடங்கும் நேரத்துக்கான மருந்து. அந்தப் பாதி தீர்ந்த செல்லில் 400 மில்லிஆம்பியர் தொடர்ந்து கேட்டால் ஒன்றும் பலிக்காது, 1.5 வாட்டுக்கு அவுட்புட்டில் சுமார் 250 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். மூன்று செல்லாக்குங்க, இல்லை லோடைக் குறையுங்க. ரிவ்யூவுக்குப் புது செல் போட்டு ஓட்டிக் காட்டுவது சுலபம். பாதி தீர்ந்த செல்லிலும் ஓடுதா என்று முந்தின வாரமே பார்த்துவிடுங்க, அதுதான் உண்மையான டெஸ்ட்.