பதிவேற்றினால் மேற்கோள் கூடுமா?

கேள்வி: நான் முனைவர் பட்ட மாணவி. ரிசர்ச்கேட், அகாடமியா.எடு தளங்களில் கட்டுரையைப் போட்டால் மேற்கோள்கள் கூடும் என்கிறார் என் நெறியாளர். உண்மையா?

பதில்: வாசகர்கள் கூடுவார்கள், மேற்கோளுக்கு உத்தரவாதம் தர முடியாது. நெறியாளர் மனதில் இருப்பது 2016-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வாக இருக்கலாம். அகாடமியா.எடு தளத்தில் ஏற்றிய கட்டுரைகள், இணையத்தில் இலவசமாகக் கிடைக்காத அதே வகைக் கட்டுரைகளைவிட ஐந்து ஆண்டுகளில் 69 சதவீதம் கூடுதல் மேற்கோள் பெற்றன என்றது அது. அதை எழுதியவர்களில் அகாடமியா.எடு நிறுவனத்தின் ஊழியர்களும் உண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், எதை ஏற்றுகிறோம் என்பது. யாராக இருந்தாலும் தன் சிறந்த கட்டுரையைத்தான் முதலில் ஏற்றுவார். அது எங்கிருந்தாலும் மேற்கோள் பெற்றிருக்குமே!

இந்தச் சிக்கலைத் தவிர்க்க, பிலிப் டேவிஸ் என்ற ஆய்வாளர் 36 இதழ்களின் கட்டுரைகளில் சிலவற்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, இதழ்த் தளங்களிலேயே இலவசமாகத் திறந்துவைத்தார். பதிவிறக்கம் நன்றாகக் கூடியது. மேற்கோள் மூன்று ஆண்டுகளிலும் கூடவில்லை. 2011-இல் வெளியான இந்த முடிவையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஆனாலும் ஏற்றுங்கள். சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரி மாணவருக்கு உங்கள் கட்டுரை கிடைப்பதே பெரிய காரியம். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. பதிப்புரிமைக்காக எல்சேவியர் பதிப்பகமும் அமெரிக்க வேதியியல் கழகமும் ரிசர்ச்கேட் மீது வழக்கே தொடுத்தன. 2023-இல்தான் சமரசம் ஆனது. எனவே இதழ் அச்சிட்ட பிடிஎஃப்பை ஏற்றாமல், பதிப்பாளரின் விதியைப் படித்துவிட்டு, ஏற்கப்பட்ட உங்கள் கைப்பிரதியை ஏற்றுங்கள்.