அரத்தாளை அளவுக்கு வெட்டுதல்

வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் பாடத்தில் மரவேலைக்கான செயற்றிட்டம் செய்யும் மாணவர்களுக்கும், கணிதத்தில் பரப்பளவை மீட்டிப் பார்ப்பவர்களுக்கும் இப்பகுதி பொதுவானது. கடையில் 'சாண்ட் பேப்பர்' என்று கேட்டு வாங்கும் அதே பொருளைத்தான் இங்கே அரத்தாள் என்கிறோம்.

முதலில் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே 80, 120, 220 என ஓர் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். இலக்கம் கூடக் கூடத் துணிக்கை சிறிதாகும், மேற்பரப்பு ஒப்பமாகும். பல மாணவர்கள் இதைத் தலைகீழாக எழுதுகின்றனர். தாளைத் துண்டாக்கினால் இவ்விலக்கம் ஏதாவது ஒரு துண்டில் மட்டுமே நிற்கலாம். எனவே வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு துண்டின் பின்புறமும் பென்சிலால் இலக்கத்தை எழுதிவிடுங்கள்.

எந்த அளவு?

முழுத்தாள் ஏறக்குறைய 230 மி.மீ. × 280 மி.மீ. (9 அங்குலம் × 11 அங்குலம்). துண்டின் அளவைத் தீர்மானிப்பது தாள் அன்று, அதைச் சுற்றிப் பிடிக்கும் மரக்கட்டையே. கட்டையின் நீளம் 110 மி.மீ., அகலம் 70 மி.மீ., உயரம் 25 மி.மீ. எனக் கொள்வோம். அடிப்பக்கமும் இரு பக்கங்களும் சேர்ந்து 70 + 25 + 25 = 120 மி.மீ. மேலே மடித்துப் பிடிக்க இருபுறமும் 10 மி.மீ. வீதம் விட்டால் 140 மி.மீ. தேவை. முழுத்தாளை நான்காக்கினால் ஒரு துண்டு 115 மி.மீ. × 140 மி.மீ. கட்டைக்குச் சரியாகப் பொருந்துகிறது.

அதே தாளை நீளவாட்டில் நான்கு பட்டிகளாக்கினால் ஒவ்வொன்றும் 57.5 மி.மீ. × 280 மி.மீ. பரப்பளவு மாறவில்லை; ஆனால் 70 மி.மீ. அகலமுள்ள அடிப்பக்கத்தைக்கூட அது மூடாது. செயற்றிட்டத்துக்கு ஒரே ஒரு தாள் வாங்கிவந்த பிள்ளைக்கு இது சிறிய இழப்பன்று.

வெட்டும் முறை

கத்தரிக்கோலைப் பயன்படுத்த வேண்டாம். துணிக்கைகள் அதன் கூரை மழுங்கச் செய்யும். (அம்மாவின் தையல் கத்தரிக்கோல் என்றால் வீட்டில் வேறு பிரச்சினையும் வரும்.) கட்டர் கத்திதான் இருக்கிறது என்றால், கரடான பக்கம் கீழே இருக்க, உருக்கு அடிமட்டத்தை வைத்துப் பின்பக்கத்திலிருந்து கீறுங்கள். விரல்கள் கத்தி செல்லும் வழியில் இருக்கக்கூடாது.

இவற்றைவிட நல்லது கிழிப்பதுதான். தேய்ந்துபோன ஹெக்சோ பிளேட் ஒன்றை எடுத்து, அதன் இரு துளைகளிலும் திருகாணி பூட்டிப் பலகையில் பொருத்துங்கள். பிளேட்டின் கீழே இரு முனைகளிலும் ஒவ்வொரு வொஷர் வைத்தால் தாள் நுழைய இடைவெளி கிடைக்கும். துளைகளுக்கிடையே 300 மி.மீ. இருப்பதால் 280 மி.மீ. பக்கமும் தடையின்றி நுழையும். பற்களுள்ள விளிம்பிலிருந்து 115 மி.மீ., 140 மி.மீ. தூரங்களில் பலகையில் கோடு வரைந்துகொள்ளுங்கள். தாளின் ஓரத்தைக் கோட்டில் வைத்து, ஒரு கையால் பிளேட்டின் முதுகை அமர்த்தி, மறு கையால் தாளை ஒரு மூலையிலிருந்து மேலே இழுத்துக் கிழியுங்கள். பிறகு ஒவ்வொரு தடவையும் அளக்கத் தேவையில்லை.

துணி ஒட்டிய அரத்தாள் நூலோட்டத்தின் வழியே கிழியும். குறுக்கே கோணலாகப் போகலாம்.

பயிற்சி வினா

230 மி.மீ. × 280 மி.மீ. தாளிலிருந்து 90 மி.மீ. × 120 மி.மீ. துண்டுகள் அதிகபட்சம் எத்தனை பெறலாம்?

64 400 ÷ 10 800 = 5.96 அளவில் வருகிறது. இதை 6 என மட்டந்தட்டி எழுதினால் பிழை. ஆறாவது துண்டுக்கு 400 ச.மி.மீ. போதாது. ஐந்தாவது பெற இயலுமா என்பதையும் வரைந்துதான் காட்ட வேண்டும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் அடுக்கினால் 4 அல்லது 3 மட்டுமே கிடைக்கும். மாறாக, 280 மி.மீ. பக்கத்தின் வழியே முதலில் 90 மி.மீ. அகலமான பட்டியொன்றையும், அடுத்து 120 மி.மீ. அகலமான பட்டியொன்றையும் கிழியுங்கள் (90 + 120 = 210). முதற் பட்டியில் 120 மி.மீ. வீதம் 2 துண்டுகள். இரண்டாம் பட்டியில் 90 மி.மீ. வீதம் 3 துண்டுகள். விடை 5. எஞ்சும் ஒடுங்கிய பட்டியை வீசிவிடாதீர்கள், தவாளிப்புகளைத் தேய்க்க உதவும்.